வீட்டிலேயே பள்ளிக்கூடம்: பிள்ளை புகாரை யாரிடம் சொல்லும்?

இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, செமினார் என்று கல்லூரியில் பெண்டு நிமிர்த்தியதால் ஒரு மாதமாக எதுவும் எழுதவில்லை. போன தடவை கிரிக்கெட் பற்றி மொக்கை போட்டேன். அதற்கு முந்தின தடவை பஸ் பாஸ் பற்றி. இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸான மேட்டர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது, அதாவது ஹோம்ஸ்கூலிங். தமிழில் வீட்டுவழிக் கல்வி என்கிறார்கள்.

"கடைசி பெஞ்ச்ல உக்கார்ற நீயெல்லாம் கல்வியைப் பத்தி எழுதுறியா?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. கடைசி பெஞ்சிலிருந்துதான்யா வகுப்பு முழுசாகத் தெரியும் :-)

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான ஊர். ரமணாசிரமம் பக்கம் போனால் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். பகல் பதினோரு மணிக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான் இருக்கும் வேங்கிக்கால் அப்படியில்லை. இங்கேதான் கலெக்டர் ஆபீஸ். அரசு ஊழியர்கள், வாத்தியார்கள், பேங்க் ஆபீசர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் ஏரியா. இங்கே பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் தெருவே கூடி மார்க் கேட்கும். இப்படிப்பட்ட தெருவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் குடிவந்தது. அப்பா, அம்மா, பதினோரு வயதில் ஒரு பெண், எட்டு வயதில் ஒரு பையன். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவதில்லை. தெருவில் என்னென்ன பேச்சு ஓடியிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

(இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊரை உலகம் அறியச் செய்தவரே பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர்தான். 1896-ல் மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பையன், இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுது என்று கொடுத்த தண்டனையை எழுதும்போது அதை அப்படியே மூடி வைத்தான். ஃபீஸ் கட்ட அண்ணன் எடுக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தான். அவர்தான் ரமணர். ஆனால் அதே ஊரில் இன்று ஒரு பிள்ளை டியூஷனுக்கு மட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்!)

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அப்படித்தான் அவர்கள் என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் ஹோம்ஸ்கூலிங் என்றதும் நம்மில் பாதிப்பேர் "வீட்டில் சும்மா இருக்கிறார்கள்" என்றும், மீதிப்பேர் "அங்கே எல்லாரும் ஐன்ஸ்டீன்" என்றும் நினைக்கிறோம்.

காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை கணக்கு, தமிழ், இங்கிலீஷ். புத்தகம் வேறெதுவும் இல்லை, நம் அரசுப் பாடநூல்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதியத்துக்கு மேல்தான் சுவாரசியமே.

பையனுக்குப் பின்னம் உழவர் சந்தையில் நடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் இருநூறு ரூபாயும் ஒரு லிஸ்டும் அவன் கையில். கால் கிலோ பீன்ஸ், அரைக் கிலோ கத்தரிக்காய், முக்கால் கிலோ தக்காளி. கிலோ முப்பத்தாறு என்றால் முக்கால் கிலோ எவ்வளவு? மீதி சில்லறை எவ்வளவு? தப்பாகச் சொன்னால் கையில் காசு குறையும். எனக்கெல்லாம் ஒன்றின் கீழ் நான்கு, மூன்றின் கீழ் நான்கு என்று போர்டில் எழுதிப் போட்டபோது தலை சுற்றியது. கால், அரை, முக்கால் என்று பாட்டி தினமும் சொன்னதும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. அந்தப் பையன் தராசுக்கு முன்னால் நின்று அதைத் தெரிந்துகொண்டான்.

பெண்ணுக்கு ராஜகோபுரத்தின் உயரத்தை அளக்கும் வேலை. மதியம் மூன்று மணி வாக்கில் கிழக்குப் பக்கம் போய் ஒரு குச்சியை நட்டு வைத்துக் காத்திருந்தார்கள். குச்சியின் நிழல் குச்சி அளவுக்கே வரும் நேரத்தில் கோபுரத்தின் நிழலும் கோபுரத்தின் உயரம் அளவுக்கே இருக்கும். டேப்பை எடுத்து நிழலை அளந்தால் சுமார் 170 அடி. ஆனால் ராஜகோபுரம் 217 அடி என்று ஊருக்கே தெரியும். மீதி 47 அடி எங்கே போனது? இரண்டு நாள் யோசித்தாள் அந்தப் பெண். மூன்றாம் நாள் பிடித்துவிட்டாள். கோபுரத்தின் உச்சி, வெளிச்சுவருக்கு மேலே இல்லை. நடுவில் இருக்கிறது. நிழலைச் சுவரிலிருந்து அளந்தால் சுவருக்கும் கோபுரத்தின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் விட்டுப்போகிறது. சொல்லுங்கள், பத்தாம் வகுப்பில் ஹைட்ஸ் அண்ட் டிஸ்டன்சஸ் கணக்கில் ஃபுல் மார்க் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும்?

அப்புறம் ஏரி. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் இவர்களும் சேர்ந்து வேங்கிக்கால் ஏரிக்கரையில் நின்று நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்க்கிறேன். அதிலிருக்கும் எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்த ஒரே பெயர் 'கொக்கு'.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு வந்து, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஊரே உறைந்துபோய்க் கிடந்தது. அந்த வருடம் தீபத்துக்கு மக்களை மலையேற விடவில்லை. பையன் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தான்: "மலை ஏன் கீழே வந்துச்சு?" பாடத்தை நிறுத்திவிட்டு அடுத்த சில வாரம் அதையே எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்தார்கள். சாய்ந்த பலகையில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு ஊறினால் வழுக்குகிறது என்று பார்த்தார்கள். செடி முளைத்த மண் எப்படி நிற்கிறது, வெறும் மண் எப்படிச் சரிகிறது என்று பார்த்தார்கள். நான் படித்த காலத்தில் நிலச்சரிவு என்றால் நீலகிரி, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஜன்னலைத் திறந்தால் தெரியும் மலை.

கடைசியாக ஒன்று. தெருவிளக்கு எரியவில்லை என்று அந்தப் பெண் மனு எழுதினாள். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் போட்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அம்மாவோடு போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தாள். குடிமையியல் பாடத்தை இதைவிட நன்றாக எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு தூரம் படித்தவர்கள் "ஆஹா, பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டில் நான் பார்த்த இன்னொரு பக்கமும் இருக்கிறது.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்கூல் வேன்கள் எங்கள் தெருவுக்குள் வரும். அந்த நேரத்துக்கு அந்தப் பெண் கேட் பக்கத்தில் வந்து நிற்பாள். தினமும். ஒருநாள் என்னிடம் கேட்டாள், "அண்ணா, ஸ்கூல்ல மானிட்டர்னா என்ன பண்ணுவாங்க?" பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுவார்கள் என்றேன். "பேசலன்னாலும் எழுதுவாங்களா?" என்றாள். பிடிக்காதவன் பெயரை எழுதுவதும் உண்டு என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு ஏக்கம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

இன்னொரு நாள் அவளுடைய அம்மா சொன்னது: "கணக்கு தப்பாப் போட்டான்னு திட்டிட்டேன் தம்பி. உர்ருன்னு உக்காந்திருந்தா. என்னடின்னு கேட்டா, 'டீச்சர் திட்டுனாங்கன்னு அம்மாகிட்ட சொல்லணும். ஆனா டீச்சரும் நீதான், அம்மாவும் நீதான். நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?'ன்னு கேக்கறா."

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். நமக்கெல்லாம் பள்ளியில் ஒரு பிரச்சனை என்றால் வீட்டில் சொல்லலாம். வீட்டில் ஒரு பிரச்சனை என்றால் பள்ளியில் ஒரு டீச்சராவது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். குறைந்தபட்சம் பக்கத்து பெஞ்ச் நண்பனாவது இருக்கிறான். வீட்டுவழிக் கல்வியில் வாத்தியார், ஹெட்மாஸ்டர், நிர்வாகம், பரீட்சை பேப்பர் திருத்துகிறவர், பெற்றோர் எல்லாரும் ஒரே ஆள். நல்ல ஆளாகவே இருக்கட்டும். பிள்ளை புகாரை யாரிடம் சொல்லும்?

ஹோம்ஸ்கூலிங் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கதைகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. எல்லாரும் சொல்லும் உதாரணம் மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷி. ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவருடைய அம்மா சுப்ரியா பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைத்தார். சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் இல்லாததால் நம் ஊர் ஐ.ஐ.டி.க்களில் சேர வழியில்லை. ஆனால் 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரைச் சேர்த்துக்கொண்டது. பார்த்தீர்களா, சர்டிபிகேட் எதற்கு, பள்ளி எதற்கு என்று வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகிறது.

அந்தக் கதையில் இரண்டு விஷயங்களை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்று, அந்த அம்மா தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டார். இரண்டு, அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே இருந்து ஜெயிக்கவில்லை. ஒலிம்பியாட் பயிற்சி முகாம்களுக்குப் போனார். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டு எம்.எஸ்சி. அளவுக்குப் பாடம் நடத்தியது. அம்மாவைத் தவிர வேறு ஆட்களும் அந்தப் பெண்ணின் திறமையைப் பார்த்தார்கள், அளந்தார்கள், அடுத்த படிக்குக் கைகொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கதையின் முக்கியமான பாகமே அதுதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் இருக்கிறது. காந்தி வீட்டுக் கதை.

1897-ல் காந்தி குடும்பத்தோடு டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது கூட இருந்த பிள்ளைகள் மூன்று பேர். இரண்டு மகன்கள், ஒரு தங்கை... இல்லை, அவருடைய சகோதரியின் மகன். ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளியில் இவர்களுக்கு மட்டும் சலுகையாக இடம் வாங்க அவருக்கு மனமில்லை. மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது தன் பிள்ளைகளுக்கு மட்டும் எதற்கு என்று நினைத்தார். மாதம் ஏழு பவுண்டு சம்பளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெண்மணியை வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. தானே சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீசுக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் மகன்களோடு பேசிக்கொண்டே பாடம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு எப்போதும் ஊர் வேலை. பாடம் தடைப்பட்டுக்கொண்டே இருந்தது. தன் மகன்களுக்குத் தன் மேல் இந்த விஷயத்தில் மனக்குறை உண்டு, அதில் தன் பங்கும் இருக்கிறது என்று 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஹரிலால் 1911-ல் அப்பாவை விட்டுப் பிரிந்து இந்தியாவுக்கு வந்தார். எதற்கு? பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்க!

அதே காந்திதான் 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் ஜி.யு. போப் எழுதிய கைநூல் அளவுக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் பேச்சில் வாத்தியாரையே தோற்கடித்துவிடுவார்கள். தன் அறியாமையை மறைக்காமல் பாடம் நடத்தியதால் பிள்ளைகளின் அன்பு குறையவில்லை என்று அவர் சொல்கிறார். பண்ணையில் இருந்தது ஒரு கூட்டம். நிறைய பெரியவர்கள், நிறைய பிள்ளைகள். ஒருவரிடம் சொல்ல முடியாததை இன்னொருவரிடம் சொல்லலாம். சொந்த வீட்டில் ஹரிலாலுக்கு அது இல்லை. காந்தியைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் மகாத்மாவுக்கே நடந்தது என்றால், நம் தெருவில் இருக்கும் சாதாரண அப்பா அம்மாவுக்கு நடக்காதா?

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அக்கம்பக்கப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹோம்ஸ்கூலிங் செய்ய முடியாது, பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தடுக்கவும் இல்லை, விதியும் இல்லை. கண்டும் காணாமல் விட்டுவிடுவது என்று பெயர்.

இதன் விளைவை நான் நேரிலேயே பார்த்தேன். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்தார். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் நடுக்கூடத்தில் உலக வரைபடத்தை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கையில் இருந்த படிவத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டம் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் உலக வரைபடம் பார்க்கும் பிள்ளைக்கும் ஒரே கட்டம்தான். நம் மாநிலத்தில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

பரீட்சைக்கு வழி இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பும், 15 முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாடு அரசு நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம். ஆனால் வழி இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. 2018-ல் நீட் அறிவிப்பிலேயே திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தகுதி இல்லை என்று போட்டுவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் மாணவர்களுக்கு மூச்சு வந்தது. பள்ளியில் படித்தவனுக்கு இந்த டென்ஷன் கிடையாது.

"அப்படியானால் பள்ளிக்கூடமே மேல் என்கிறாயா?" இதற்கு விடையை கொரோனா ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம் தமிழ்நாடே ஹோம்ஸ்கூலிங்தான் செய்தது! லேப்டாப்பும், பக்கத்தில் உட்கார ஆளும் இருந்த வீட்டில் பிள்ளைகள் தப்பித்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போகும் வீட்டில் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். சில பேர் வேலைக்குப் போனார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டி வந்தது. பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டும் கிடையாது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும், 2022 செப்டம்பரில் வந்த காலை உணவும் அங்கேதான் கிடைக்கிறது. "பள்ளியே தேவையில்லை" என்று சொல்பவர்கள், வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு நடுவிலும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஊரிலேயே 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி என்று ஒன்று நடக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். வயல் வேலை, கைத்தொழில், மலைநடை எல்லாம் உண்டு. அது பள்ளிதான். ஆனால் உழவர் சந்தையும் ஏரிக்கரையும் பாடமாவதற்குப் பள்ளியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை என்று காட்டுகிறது.

இவ்வளவும் ஏன் யோசித்தேன் என்றால், ஆரணியில் இருக்கும் என் அக்கா தன் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். டிக்டேஷன் இருக்கும் நாளில் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். சில நாள் வாந்தி. "நாலு பேரு என்னடி சொல்லுவாங்க" என்கிறார் அம்மா. மாமா ஒன்றும் சொல்லாமல் பேப்பர் படிக்கிறார். "நீதான அந்த வீட்டுக்குப் போய்ட்டு வர்ற, நீ சொல்றா" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். நான் அவளிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். உங்களுக்கும் பயன்படலாம்.

1. யாருடைய நேரம்? தினமும் நாலு மணி நேரம், பத்து வருடத்துக்கு. பெரும்பாலான வீட்டில் இதற்கு "அம்மாவின் நேரம்" என்றுதான் பதில் வருகிறது. என் அக்கா டெய்லரிங் கடை வைத்திருக்கிறாள். அதை மூடுவாளா? மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பாடமாவது எடுப்பாரா?

2. பையனைக் கேட்டாயா? ஒரு தடவை கேட்டால் போதாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் "பள்ளிக்குப் போகிறாயா, வீட்டில் படிக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். போகிறேன் என்றால் மறுபேச்சில்லாமல் அனுப்ப வேண்டும்.

3. காகிதம் தயாரா? எந்த வயதில் எந்தப் பரீட்சை, எந்தச் சர்டிபிகேட் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். பதினைந்து வயதில் தேட ஆரம்பித்தால் கஷ்டப்படப் போவது அவன்தான்.

4. வெளியாள் யார்? மாதத்துக்கு ஒரு தடவையாவது அவனோடு தனியாகப் பேசி, அவன் என்ன படித்தான், எப்படி இருக்கிறான் என்று பார்க்கிற ஒருவர். நூலகர், ரிட்டயர்டு வாத்தியார், கபடிக் கோச், யாராக இருந்தாலும் சரி. உன் மேல் அவனுக்குப் புகார் இருந்தால் அவரிடம் சொல்ல முடிய வேண்டும்.

நாலாவது கேள்விக்குத்தான் அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். இந்தப் பள்ளி சரியில்லை என்றால் வேறு பள்ளி பார்ப்பதா, வீட்டிலா என்று இன்னும் முடிவு எடுக்கவில்லை. எப்படி எடுத்தாலும், டிக்டேஷனுக்காக ஒரு ஏழு வயதுப் பிள்ளை வாந்தி எடுப்பதைப் பழக்கமாக்கிவிடக் கூடாது என்பதில் நாங்கள் எல்லாரும் ஒரே கட்சி, அம்மா உட்பட.

என் கருத்து இதுதான். வீட்டில் படிக்க வைக்க விரும்பும் பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். நான் பார்த்த அந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கும் குறைந்ததில்லை. அதே சமயம் "எங்கள் பிள்ளை, எங்கள் இஷ்டம்" என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் விடக் கூடாது. அரசு ஒரு சின்ன வேலை செய்யலாம். பக்கத்து அரசுப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளின் பெயரையும் பதிவு செய்து ஒரு எண் கொடுக்கட்டும். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கட்டும். பள்ளி நூலகத்தையும் ஆய்வகத்தையும் விளையாட்டு மைதானத்தையும் இவர்களுக்கும் திறந்துவிடட்டும். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு பெற்றோர் இல்லாமல் பேசட்டும். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம். பேச்சு போதும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. இந்தப் பிள்ளைகளுக்கு நாலு நண்பர்கள் கிடைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோபுரத்தை நிழலை வைத்து அளக்கத் தெரிந்த ஒரு தோழி கிடைப்பாள்.

எந்தப் பிள்ளையையும் அதன் அப்பா அம்மாவைத் தவிர இன்னும் ஒரு ஜோடிக் கண்ணாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியில் படித்தாலும் சரி, வீட்டில் படித்தாலும் சரி.

டிஸ்கி 1: அந்தக் குடும்பத்தின் அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கிறேன். பெயர் போடக் கூடாது என்பது அந்தப் பெண் போட்ட கண்டிஷன். மனு எழுதத் தெரிந்தவளிடம் வம்பு வைத்துக்கொள்ள முடியாது :-)

டிஸ்கி 2: அடுத்த தடவை நிச்சயம் மொக்கைதான். பயப்படாமல் வாருங்கள்.